வீட்டு முற்றத்தில் ஓட்டோ கியர் ஒயில் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பை அடுத்த தெஹிவளையில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு ரொயோட்டா 121 கொரோலா கார் நிற்கிறது. அதன் ஓட்டோ கியர் (தானாகக் கியர் மாற்றும் பெட்டி) ஒயிலைப் பதினோராண்டுகளாக நானே மாற்றி வருகிறேன். நான் கராஜ் வைத்திருப்பவன் அல்லன், கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் கல்யாண வீடானாலும் செத்த வீடானாலும் யாராவது ஒருவர் என்னை ஓரமாக இழுத்து, "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அந்தக் கியர் ஒயில்..." என்று தொடங்கிவிடுகிறார். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்தக் கேள்விகள் பெருகின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. ஆனால் விலையைக் கேட்ட என் உறவினர்கள் பலர், இருப்பதையே பார்த்துக்கொள்வோம் என்று திரும்பி வந்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்தால் அடுத்த கல்யாண வீட்டிலாவது பந்தியில் நிம்மதியாக உட்காரலாம். கீழே உள்ள பதில்கள் டோர்க் கன்வேட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியே கியருக்குக் கடத்தும் பாகம்) கொண்ட பழைய ஓட்டோ கியர்களுக்கு உரியவை. சி.வி.ரி. (பட்டியும் கப்பியும் கொண்ட ஓட்டோ), ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் நேராக அவற்றுக்கான கேள்விக்குப் போகவும்.

"எஞ்சின் ஒயில்தான் ஒழுங்காக மாற்றுகிறோமே, ஓட்டோ கியருக்குத் தனியாக ஒன்றா?"

ஆம், தனியாகத்தான். அதன் பெயர் ஏ.ரி.எஃப்., அதாவது ஓட்டோமெட்டிக் ட்ரான்ஸ்மிஷன் ஃபுளூயிட். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துவதும், உள்ளே இருக்கும் கிளட்சுத் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், எல்லாவற்றுக்கும் வழுவழுப்பும் குளிர்ச்சியும் தருவதும் இந்த ஒரே திரவம்தான். எஞ்சின் ஒயிலோடு குழம்பிவிடாமல் இருக்கச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள்.

எஞ்சின் ஒயில் சிறிது சிறிதாக எரிந்து குறையும். ஏ.ரி.எஃப். எரிவதில்லை. ஆகவே அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். மேலே ஊற்றிவிட்டுப் போகாமல் கசிவைத் தேடுங்கள்.

"அது 'லைஃப்டைம் ஒயில்', மாற்றவே தேவையில்லை என்று வாங்கும்போது சொன்னார்களே?"

யாருடைய லைஃப் என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். இருபது வருடம் ஓடிய காரையும் விற்காமல் வைத்திருப்பவர்களை நினைத்து எழுதப்பட்ட சொல் அன்று அது. வெப்பம்தான் இந்த ஒயிலின் எமன். காலை எட்டு மணிக்குக் கொழும்பின் காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் எத்தனை தடவை நிறுத்தி எடுக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் டோர்க் கன்வேட்டருக்குள் ஒயில் சூடாகிறது. ஊரும் குளிரான ஊரில்லை.

"எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு முறை?"

கையேடு இருந்தால் அது சொல்வதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் கொழும்பு ஓட்டத்துக்கு 40,000 கிலோமீற்றர் என்பது என் கணக்கு. ஜப்பானிலிருந்து பழையதாக வந்த காரில் மீற்றர் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. வாங்கியவுடன் ஒயிலைப் பார்த்துவிட்டு, அந்த நாளிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

"அண்ணை, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் போய் 'கியர் ஒயில்' என்று கேட்டால் சரியானதைத் தருவார்களா?"

தரமாட்டார்கள், தம்பி. பிழை கடைக்காரருடையதும் இல்லை. கடையில் கியர் ஒயில் என்றால் மெனுவல் கியருக்கும் டிபரன்ஷியலுக்கும் ஊற்றும் தேன்போலத் தடித்த ஒயில். அதை ஓட்டோ கியரில் ஊற்றினால் நுண்ணிய வால்வுகள் வேலை செய்யாது. "ஏ.ரி.எஃப்." என்று கேளுங்கள். அதோடு எந்த வகை என்பதையும் சொல்லுங்கள். வகை சொல்லாமல் கேட்டால் எது கையில் இருக்கிறதோ அது வரும்.

வகையைத் தெரிந்துகொள்ள முதலில் டிப்ஸ்டிக்கையே (ஒயில் அளவு பார்க்கும் கோலை) பாருங்கள். பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் அதிலேயே பொறித்திருப்பார்கள். பொதுவாகச் சொன்னால் 110 கொரோலா போன்ற 90களின் ரொயோட்டாக்கள் டெக்ஸ்ரன் வகை. 121 போன்றவை ரி-4. அதற்குப் பின்னால் வந்தவை டபிள்யூ.எஸ். நிசான் சனி எஃப்.பி-15க்கு மெட்டிக்-டி. பழைய ஹொண்டாக்களுக்கு முன்னர் ஸீ-1 இருந்தது, அதன் இடத்துக்கு இப்போது டி.டபிள்யூ-1 வந்துவிட்டது. அந்தக் காலத்து மிட்சுபிஷிகள் பலவற்றுக்கு எஸ்.பி-3. இதை வைத்து வாங்கிவிடாதீர்கள். உங்கள் டிப்ஸ்டிக்கும் கையேடும் சொல்வதுதான் முடிவு.

ரி-4க்குப் பதிலாக டபிள்யூ.எஸ். ஊற்றலாமா என்று கேட்பவர்கள் அதிகம். ஊற்ற வேண்டாம். டபிள்யூ.எஸ். மெல்லியது, ஒன்றுக்கு மற்றது மாற்று இல்லை என்று ரொயோட்டாவே சொல்கிறது. "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று எழுதிய போத்தல்களில் சில உண்மையிலேயே நல்லவை. ஆனால் பின்பக்கப் பட்டியலில் உங்கள் வகையின் பெயர் இருக்க வேண்டும். மூடியின் சீல் உடைந்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

"இதை உண்மையிலேயே வீட்டில் செய்யலாமா? என்னென்ன வேண்டும்?"

டிப்ஸ்டிக்கும் ட்ரெயின் நட்டும் (ஒயிலை வெளியே விடும் அடி நட்டு) உள்ள காராக இருந்தால் செய்யலாம். எஞ்சின் ஒயில் மாற்றத் தெரிந்தவருக்கு இது சிறிதுதான் கூடுதல் வேலை. சரியான ஒயில் 4 லீற்றர், ட்ரெயின் நட்டுக்குப் புது வாஷர், நட்டுக்கு ஏற்ற சாவி, அகலமான பேசின், அளவுக்கோடு போட்ட போத்தல்கள், டிப்ஸ்டிக் குழாய்க்குள் நுழையும் நீண்ட மெல்லிய புனல், நூல் உதிராத துணி. இவற்றோடு காரைத் தூக்க ஒரு ஜக், தூக்கியதைத் தாங்க இரண்டு ஜக் ஸ்டாண்ட். சாவி எல்லாக் காருக்கும் ஒன்றில்லை. பழைய ரொயோட்டாக்கள் பலவற்றுக்கு 10 மில்லிமீற்றர் எலன் கீ. ஹொண்டாவில் நட்டிலேயே சதுரக் குழி இருக்கும். 3/8 அங்குல ரச்செட்டின் முனை நேரடியாக அதில் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமையிலோ போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்திலோ தொடங்காதீர்கள். லீவு நாள் என்று ஆசையாக இருக்கும். நட்டைக் கழற்றிய பிறகு வாஷர் கிழிந்திருப்பதைக் கண்டால் பஞ்சிகாவத்தையில் கதவு திறந்திருக்காது. இதை நான் ஒரு போயா முழுக்க பஸ்ஸில் சுற்றிக் கற்றுக்கொண்டேன்.

"நாங்கள் வெள்ளவத்தையில் ஃபிளாட்டில் இருக்கிறோம். கீழே பார்க்கிங்கில் செய்தால் என்ன?"

தளம் மட்டமாக இருக்கிறது என்பது நல்ல விடயம். ஒயில் சிந்தினால் அயலவர் முகம் கொடுக்கமாட்டார் என்பது கெட்ட விடயம். நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு, காருக்கு அடியில் பெரிய காட்போட் மட்டையை விரித்துச் செய்யுங்கள். சரிவில் மட்டும் செய்ய வேண்டாம். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் பல பார்வைக்குத்தான் மட்டம்.

"காரோடு வந்த ஜக் போதாதா? கீழே சீமெந்துக் கல் வைத்துக்கொள்ளலாம்தானே?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கோபப்படுவேன். காரோடு வரும் ஜக் ரயர் மாற்றுவதற்கு. அதை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது, ஒரு நிமிடம்கூட. சீமெந்துக் கல் இன்னும் மோசம். அது வளைந்து எச்சரிக்காது, திடீரென்று தூளாகும். ஜக் ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்சக்கர இழுவைக் காரில் 'பி'யில் போட்டால் பூட்டப்படுவது முன்சக்கரங்கள்தான். முன்பக்கத்தைத் தூக்கிய பிறகு 'பி' எதையும் பிடித்து வைக்காது. காரை நிறுத்தி வைப்பது ஹாண்ட் பிரேக்கும், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நீங்கள் வைக்கும் கட்டைகளும்தான். ஸ்டாண்டில் இறக்கிய பின் காரைக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி வையுங்கள். வீட்டில் வேறு யாராவது இருக்கும்போது செய்யுங்கள்.

"சரி, எந்த ஒழுங்கில் செய்வது?"

முதலில் பழைய ஒயிலின் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள் (எப்படிப் பார்ப்பது என்பது கீழே வரும்). அளவு சரியாக இருந்தால்தான் பின்னால் சொல்லப்போகும் கணக்கு சரிவரும். புனல் டிப்ஸ்டிக் குழாய்க்குள் போகிறதா என்று இப்போதே சோதியுங்கள். வெளியே விட்ட பிறகு உள்ளே ஊற்ற வழியில்லாமல் நின்றவர்களை நான் அறிவேன்.

ஒயில் இளஞ்சூடாக இருக்கும்போது விடுங்கள். ஒழுங்கையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் என்றால் கை வெந்துவிடும், பக்கத்திலேயே சைலன்சர் குழாயும் இருக்கிறது. நட்டைக் கழற்றி, பேசினில் விழவிட்டு, சொட்டுச் சொட்டாகும்வரை காத்திருங்கள். புது வாஷரோடு நட்டைப் பூட்டுங்கள். கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்கு மேல் போக வேண்டாம். கியர்ப் பெட்டி அலுமினியம். அதன் புரி தேய்ந்தால் ஒரு சின்ன வாஷரில் தொடங்கிய கதை லேத் பட்டறையில்தான் முடியும்.

இனி முக்கியமான விடயம். வந்த ஒயிலை ஆறவிட்டு, போத்தல்களில் ஊற்றி அளந்து, அதே அளவு புதியதை ஊற்றுங்கள். ஆறவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூட்டில் ஒயில் விரியும். 40 பாகை வித்தியாசத்தில் 3 லீற்றர் ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் கூடிக் காட்டும். ஊற்றிய பின் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி கியரை 'பி'யிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக நகர்த்தித் திரும்பக் கொண்டு வாருங்கள். நட்டடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக நான்கு சக்கரமும் தரையில் இருக்க, அளவைச் சரிபாருங்கள்.

"டிப்ஸ்டிக்கில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் அளவு காட்டுகிறது. எதை நம்புவது?"

சூடான அளவை. தெஹிவளையிலிருந்து மொரட்டுவை வரை போய் வந்த பிறகு, மட்டமான தரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எல்லாக் கியரையும் ஒருமுறை தொட்டு 'பி'க்கு வந்து பார்க்க வேண்டும். 'ஹொட்' என்று குறித்த இரு கோடுகளுக்கு நடுவே இருந்தால் சரி. குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒயில் ஏமாற்றும். ஆகவே துடைத்து இரண்டு மூன்று தடவை விட்டு எடுங்கள். டிப்ஸ்டிக்கின் இரு பக்கமும் வேறு வேறு அளவு காட்டினால் குறைந்ததை எடுங்கள்.

இது ரொயோட்டா முறை. ஹொண்டாவில் எஞ்சின் சூடான பின் அதை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். மிட்சுபிஷி பலவற்றில் 'என்'னில் வைத்துப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன முறை அவருடைய காருக்குச் சரியாக இருக்கலாம்.

"ஏழு லீற்றர் பிடிக்கும் என்று போட்டிருக்கிறது. மூன்றுதான் வந்தது. மீதி எங்கே?"

டோர்க் கன்வேட்டரிலும் குளிர்விக்கும் குழாய்களிலும் வால்வுகளிலும் நிற்கிறது. நட்டைக் கழற்றினால் அது வராது. ஏழு ஊற்ற வேண்டும் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். வந்தது மூன்றென்றால் ஊற்றுவதும் மூன்று.

7 லீற்றரில் 3 மாற்றினால் 43 வீதம் புதிதாகும். சில நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு மறுபடி செய்தால் 67 வீதம், மூன்றாம் தடவை 81. நான் கார் வாங்கிய புதிதில் மாதம் ஒன்றாக மூன்று தடவை செய்தேன். இப்போது ஒவ்வொரு சேவைக் காலத்துக்கும் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"ஃபில்டர்?"

எஞ்சினுக்குப் போல வெளியே திருகிக் கழற்றுவது பெரும்பாலான பழைய பெட்டிகளில் இல்லை. அது ஒயில் பானுக்குள் (பெட்டியின் அடியில் பூட்டிய தட்டுக்குள்) இருக்கும். பானைக் கழற்ற வேண்டும், கேஸ்கெட் மாற்ற வேண்டும். சிறிய போல்ற்றுகளைக் கொஞ்சம் கூட இறுக்கினாலே உடைந்துவிடும். முதல் தடவை செய்பவர் பானைத் தொட வேண்டாம். ஒயில் கறுத்திருந்தால் மட்டும் பானைக் கழற்றத் தெரிந்த கராஜ் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கொடுங்கள்.

"பானில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு. கியர் முடிந்ததா?"

இல்லை. பசை போன்ற மெல்லிய தூள் தேய்மானத்தால் வருவது. அதைப் பிடிக்கத்தான் காந்தம் வைத்திருக்கிறார்கள். துடைத்துவிட்டு மாட்டுங்கள். விரலில் குத்தும் துண்டுகளோ நகக்கீற்றுப் போன்ற உலோகச் சீவலோ இருந்தால் அது வேறு கதை. அப்போது புது ஒயிலுக்குச் செலவழிக்கும் முன் கியர்பொக்ஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

"பழைய காரில் ஒயிலை மாற்றினால் கியர் போய்விடும், தொடாதே என்கிறார் எங்கள் கராஜ் பாஸ்."

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பாஸ் பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறார். ஆனால் அவரிடம் ஒயில் மாற்ற வருபவர்கள் எப்போது வருகிறார்கள்? கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு. கிளட்சுத் தட்டின் உராய்வுப் பூச்சு ஏற்கெனவே தேய்ந்து, அந்தத் தூள் ஒயிலில் மிதக்கும் நிலையில் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். ஒயிலை மாற்றினாலும் அடுத்த மாதம் கியர் நிற்கிறது, பழி ஒயில் மேல் விழுகிறது. மாற்றாமல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் அதேதான் நடந்திருக்கும்.

என் அளவுகோல் இது. கியர் ஒழுங்காக விழுகிறது, ஒயில் சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கிறது என்றால் தயங்காமல் மாற்றுங்கள். கறுத்து, கருகிய மணம் அடித்து, மேடேறும்போது எஞ்சின் மட்டும் இரைந்து கார் ஏறவில்லை என்றால் புது ஒயில் மருந்தாகாது. அந்தப் பணத்தை ரிப்பேருக்குச் சேர்த்து வையுங்கள்.

"சேவை நிலையத்தில் மெஷின் பூட்டி முழுவதையும் ஒரே தடவையில் மாற்றித் தருகிறார்களே, அது நல்லதில்லையா?"

சரியான ஒயிலை ஊற்றி, கையேடு சொல்லும் முறையில் செய்தால் கெட்டதில்லை. நான் தயங்குவது இரண்டு காரணங்களால். மெஷினில் எனக்கு முந்திய கார் எந்த ஒயிலோடு வந்தது என்று எனக்குத் தெரியாது. நீண்ட காலம் தொடாத பெட்டிக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதைவிட, மேலே சொன்ன 43, 67, 81 கணக்கில் மெல்லப் போவது எனக்கு மனதுக்கு நிம்மதி. போவதென்றால் ஒயிலை நீங்களே வாங்கிக் கொண்டு போங்கள்.

"என் காரில் டிப்ஸ்டிக்கே இல்லை."

அந்த வகையில் பக்கவாட்டில் ஊற்றும் நட்டும், அடியில் வழிந்து அளவு காட்டும் குழாயும் இருக்கும். ஒயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது, பல ரொயோட்டாக்களில் ஏறத்தாழ 40 பாகையில், எஞ்சின் ஓட, கார் மட்டமாக உயர்ந்து நிற்க, வழிவது மெல்லிய சொட்டாகும் வரை பார்க்க வேண்டும். வெப்பநிலை பார்க்க ஸ்கேனர் வேண்டும். வீட்டில் செய்யலாம், ஆனால் முதல் தடவைக்கு நான் சொல்லமாட்டேன். செய்தே தீருவேன் என்றால், ஊற்றும் நட்டு திறக்கிறதா என்று பார்த்த பிறகே அடி நட்டைத் தொடுங்கள்.

"சி.வி.ரி. அக்ஸியோவுக்கும் ஹைபிரிட் பிரியஸுக்கும் இதே முறைதானா?"

141 அக்ஸியோவின் ஓட்டோ சி.வி.ரி. வகை. அதற்கு ஏ.ரி.எஃப். ஊற்றவே கூடாது. உள்ளே இரும்புப் பட்டி கப்பியைப் பிடித்து ஓடுகிறது, அந்தப் பிடிப்புக்கென்றே தனி ஒயில். பிரியஸும் அக்குவாவும் விளம்பரத்தில் சி.வி.ரி. என்று சொல்லப்பட்டாலும் உள்ளே பட்டி இல்லை, பற்சக்கரங்களும் மோட்டார்களும்தான். அவற்றுக்கு டபிள்யூ.எஸ். போதும். அடி நட்டால் விட்டு, பக்க நட்டின் விளிம்பு வரை ஊற்றினால் வேலை முடிந்தது. ஒரே பெயரால் வரும் இந்தக் குழப்பத்தில் ஒயிலை மாற்றி ஊற்றியவர்கள் இருக்கிறார்கள்.

"வெள்ளத்துக்குள் ஓடிய பிறகு டிப்ஸ்டிக்கில் ஸ்ட்ரோபெரி மில்க் மாதிரி இருக்கிறது."

காரை எடுக்காதீர்கள். அது ஒயிலோடு கலந்த தண்ணீர். வெள்ளத்தில் கியர்பொக்ஸின் மூச்சுக்குழாய் வழியாக உள்ளே போயிருக்கலாம். வெள்ளமே காணாத காரிலும் இந்த நிறம் வரும். பழைய கார்களில் ஏ.ரி.எஃப்.ஐக் குளிர்விக்கும் குழாய் ரேடியேற்றருக்குள்ளேயே இருக்கிறது, அது துருப்பிடித்து உடைந்தால் கூலன்ற் உள்ளே வந்துவிடும். தண்ணீர் கிளட்சுத் தட்டின் பசையைக் கிளப்பிவிடும். ஆகவே ஓட்டவும் வேண்டாம், சக்கரம் உருளக் கட்டி இழுக்கவும் வேண்டாம், லொறியில் ஏற்றியோ முன்சக்கரங்களைத் தூக்கியோ கொண்டு போங்கள். கோளாறு ரேடியேற்றரில் என்றால் அதை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றுவது வீண்.

"கொஞ்சம் கூட ஊற்றிவிட்டேன். பரவாயில்லையா?"

கோட்டுக்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீற்றர் என்றால் நான் தூக்கத்தைக் கெடுக்கமாட்டேன். அரை லீற்றர் கூடினால் சுழலும் பாகங்கள் ஒயிலை நுரையாக அடிக்கும், நுரைக்கு அழுத்தம் பிடிக்கத் தெரியாது. டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய ரியூப் விட்டு, மருந்துக் கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம்.

"பழைய ஒயிலை என்ன செய்வது?"

வாய்க்காலில் ஊற்றினால் அது வெள்ளவத்தைக் கால்வாய் வழியே கடலுக்குப் போகும். மூடியுள்ள கானில் நிரப்பி, எஞ்சின் ஒயில் மாற்றும் சேவை நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். நான் போகும் இடத்தில் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார்கள். முதலில் ஒரு போத்தலில் சிறிது எடுத்துத் திகதி எழுதி வையுங்கள். அடுத்த தடவை நிறத்தை ஒப்பிட உதவும்.

"எஞ்சின் ஒயில் மாற்ற நினைத்து ஓட்டோ கியரின் நட்டைக் கழற்றிவிட்டேன். பிறகு எஞ்சினுக்கு நான்கு லீற்றர் ஊற்றியும்விட்டேன். யாரிடமும் சொல்லாதீர்கள்."

சொல்லவில்லை. நானும் என் முதல் காரில் இதே பிழையைச் செய்தேன், பேசினில் கறுப்புக்குப் பதிலாகச் சிவப்பு விழுந்ததைக் கண்ட பிறகும் "நல்ல சுத்தமான ஒயில்" என்று மகிழ்ந்தவன் நான்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இருந்தால் எதுவும் கெடவில்லை. எஞ்சினில் இப்போது பழையதும் புதியதும் சேர்ந்து இரு மடங்கு இருக்கிறது, கியரில் போதுமானது இல்லை. எஞ்சின் ஒயில் முழுவதையும் வெளியே விட்டு, ஃபில்டரை மாற்றிப் புதிதாக ஊற்றுங்கள். கலந்ததைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். கியரிலிருந்து பேசினில் விழுந்ததை அளந்து, அதே அளவு சரியான ஏ.ரி.எஃப். ஊற்றி, மேலே சொன்ன முறையில் சூடான அளவைப் பாருங்கள். எடுத்து ஓட்டியிருந்தால், கார் நகராமல் இரைந்ததா, எவ்வளவு தூரம் போனது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒழுங்கை முனைவரை என்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். அடுத்த 100 கிலோமீற்றருக்குள் ஒயிலின் நிறத்தையும் மணத்தையும் இரண்டு தடவை பாருங்கள். பிறகு இரண்டு நட்டுகளுக்கும் அருகே பெயின்ற்றால் 'எ', 'கி' என்று எழுதி வையுங்கள். என் காரில் அந்த எழுத்துகள் இன்னும் இருக்கின்றன.